விடுபட்ட பதக்கங்கள்: படைவீரர் பணிப்பதிவுத் திருத்தம்

படைப்பணி முடித்து ஊர் திரும்பிய ஒருவருக்கு உரிய பதக்கம் அவருடைய பணிப்பதிவில் ஏறாமல் விடுபட்டிருந்தால், ஆதாரம் காட்டிப் பின்னாளில் அதைச் சேர்ப்பது பணிப்பதிவுத் திருத்தம் எனப்படும். இது மூன்று விதமாக நேரும். பதக்கம் கையில் இருக்கும், படைவிலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்காது. புக்கில் எழுதியிருக்கும், பதக்கம் வந்து சேர்ந்திருக்காது. இரண்டும் இல்லாமல், அந்தப் போரில் அந்த எல்லையில் தான் நின்றேன் என்ற நினைவு மட்டும் இருக்கும். அலைச்சல் மிகுந்தது இந்த மூன்றாவதுதான்.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், வத்தலக்குண்டை அடுத்துள்ள சேவுகம்பட்டிப் பேரூராட்சியை வெளியூரார் அறிந்தது பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் தைமாத விழாவால். ஊர்ப்பெயரில் உள்ள சேவுகம் என்பது சேவகம் என்ற சொல்லை ஒத்தது. சேவகன் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் வீரன் என்ற பொருளும் உண்டு. சிவனையும் இராமனையும் புலவர்கள் அப்பெயரால் அழைத்தனர். இங்கிருந்து பட்டாளத்துக்குப் போய் வந்த ஒருவர் பதிவைத் திருத்த நினைத்தால் முதலில் போக வேண்டிய இடம் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அவருடைய பதிவு இருப்பதோ அவர் பணியாற்றிய படைப்பிரிவைப் பொறுத்து வெலிங்டனில், பெங்களூரில், ஜபல்பூரில் அல்லது வேறு ஊரில்.

பதிவின் தொன்மை

வீரனின் பெயரையும் செயலையும் எழுதி வைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. அண்டை மாவட்டமான தேனியின் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுடையது. கல் சிறியது, எழுத்து சில சொற்களே. ஆனால் யார், எந்த ஊர், எந்தப் போர் என்ற மூன்றும் அதில் உள்ளன. பிற்காலத்துப் பணிப்பதிவு எதுவும் கேட்பது இந்த மூன்றைத்தான். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலையாக வகுத்தது. கல்லைத் தேர்வது முதல் வழிபடுவது வரை ஊரே முன்னின்று செய்த காரியம் அது. இறந்தவனின் வீட்டார் மனு எழுதிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பதக்கம் என்ற வடிவம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஆகஸ்டில், கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தது. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த போரில், 1799-ல், திப்பு சுல்தான் வீழ்ந்ததற்காகக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. புலியைச் சிங்கம் வீழ்த்தும் காட்சி அதன் ஒரு பக்கம், கோட்டை உடைப்பு மறுபக்கம். பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தடுத்த தரத்தாருக்குத் தங்கமுலாம், வெள்ளி, வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பெற்றவரின் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை. இன்று அப்படி ஒரு வெள்ளீயப் பதக்கம் கிடைத்தால் அது யாருடையது என்று சொல்ல வழியில்லை.

விடுபட்ட பதக்கத்தைப் பின்னாளில் கொடுக்கும் ஒரு பெரிய முயற்சி 1851-ல் நடந்தது. 1803 முதல் 1826 வரை மராத்தியப் போர்கள், பர்மாப் போர் முதலியவற்றில் பணியாற்றியவர்களுக்கு ‘ஆர்மி ஆஃப் இந்தியா மெடல்’ வழங்க அவ்வாண்டு அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்று: அப்போது உயிரோடு இருக்க வேண்டும். மராத்தியரோடு போர் நடந்த அசாயேயில் 1803-ல் நின்ற இருபது வயதுச் சிப்பாய் 1851-ல் அறுபத்தெட்டு வயதுக் கிழவன். அதுவரை உயிரோடிருந்து, செய்தி கேள்விப்பட்டு, கேட்டும் பெற்றவர் எத்தனை பேர்? வழங்கப்பட்டவை எல்லாம் சேர்த்தே சுமார் 4,500. அவற்றிலும் மிகுதி ஐரோப்பியர்களுக்குப் போயின. முதல் பர்மாப் போரில் சென்னைப் படையின் சிப்பாய்கள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் மடிந்ததை எண்ணிப் பார்த்தால், இந்த நிபந்தனை எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும். கேட்டவனுக்கே பதக்கம் என்ற வழக்கத்தை இங்கே காண்கிறோம். இன்னும் அது ஒழியவில்லை.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்குத் தகுதியற்றவர்கள் என்ற எண்ணத்தை வளர்த்தார். ‘போர்க்குடிகள்’ என்னும் அந்தப் பொய்க் கொள்கையால் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. கலைக்கப்பட்ட பட்டாளத்தின் கதையை எடுத்துச் சொல்லவும் பதிவைக் காக்கவும் ஆளில்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. நடுவிலும் தொடர்ந்து இருந்தது 1780-ல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ். அதன் பதிவுகள் ஒப்புநோக்க நல்ல நிலையில் இருப்பதற்கு அந்தத் தொடர்ச்சியும் ஒரு காரணம்.

முதல் உலகப்போருக்குப் பின் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் வைக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள் என்று அவை சொல்கின்றன. ஒரு பெயர்கூட இராது, எண் மட்டுமே. புலிமான்கோம்பைக் கல்லுக்கு இருந்த அக்கறை இந்தப் பலகைகளுக்கு இல்லை. பெயர் இருந்தது பதக்கத்தின் விளிம்பில். அங்கும் தரம் பிரித்தார்கள்: போர்வீரனாகப் பதிவானவனுக்கு வெள்ளியில் வார் மெடல், தொழிலாளர் படையில் பதிவானவனுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். மெசபடோமியாவில் குண்டு விழுந்த இடத்தில் மூட்டை சுமந்தவனும் ஏட்டில் போர்வீரன் ஆகவில்லை.

இரண்டாம் உலகப்போரில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தனர். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், வார் மெடல், மூன்றாண்டு உள்நாட்டுப் பணிக்கான இந்தியா சர்வீஸ் மெடல் ஆகியவை அவர்களுக்கு உரியவை. போர் முடிந்ததும் பெரும் படைக்கலைப்பு, அதன் பின்னாலேயே 1947 பிரிவினை. பட்டாளங்களும் ஏடுகளும் இரு நாடுகளுக்குப் பிரிந்தன. சிங்கப்பூர் வீழ்ந்த பின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பலர் படையிலிருந்து நீக்கப்பட்டு, வரவேண்டிய சம்பளத்தையும் இழந்தார்கள். 1972-ல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் அவர்களையும் ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தில் அரசு ஆவணம் கிடைக்காதபோது உடன் சிறையிருந்தவரின் சான்றுக்கு மதிப்பு உண்டு. அந்தத் தாராளம் பதக்கக் கோரிக்கையில் இல்லை. ஒரே பதுங்குகுழியில் கிடந்த தோழர் எழுதிக் கொடுத்தாலும் அது துணைச்சான்றுதான். அலுவலகம் கேட்பது ஆணையின் எண்ணை.

பணிப்பதிவின் உறுப்புகள்

ஒரு வீரருக்குப் பதக்கம் உரியதானதும் அவருடைய யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளியிட வேண்டும். விடுமுறை, திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு என அவர் வாழ்வில் நடப்பதெல்லாம் இந்த ஆணையின் வழியாகத்தான் பணிப்பதிவுகளைக் காக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே அது ‘ஷீட் ரோல்’ என்ற தாளில் ஏறும். படைவிலகும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புக் எழுதப்படும். ஆகவே யூனிட் எழுத்தர் ஒருவர் ஒருநாள் ஒரு வரியை விட்டுவிட்டால், பின்னால் வரும் எல்லா ஏட்டிலும் அந்த வரி இராது.

இவற்றோடு ‘லாங் ரோல்’ என்று ஒன்று உண்டு. எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் போன்ற சில விவரங்கள் மட்டுமே கொண்ட பேரேடு அது. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோல் முதலியவை 25 ஆண்டு கழிந்ததும் விதிப்படி அழிக்கப்படும். நிலைத்து நிற்பது லாங் ரோல் மட்டுமே. ஓய்வூதியம் பெறாதவர்தான் பதக்கத்தை நம்பி இருப்பவர். அவருடைய தாளையே முதலில் அழிக்கும் விதி தவறானது.

விடுபடும் விதம்

ஓர் எடுத்துக்காட்டு. 1963-ல் சேர்ந்து 1978-ல் விலகிய ஒரு சிப்பாயின் டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்தால், பதக்கங்களுக்கான இடத்தில் 1965 போர்க்காலப் பணிக்கான ரக்ஷா மெடல், 1971-க்கான சங்கிராம் மெடல், விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம், ஒன்பதாண்டு நீள்பணிப் பதக்கம் ஆகிய நான்கை எதிர்பார்க்கலாம். 1971-ல் கிழக்கு முனையில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்திருந்தால் பஸ்சிமி ஸ்டார். இடையில் ஜம்மு காஷ்மீரிலோ நேஃபாவிலோ (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) இமயமலைப் பகுதியிலோ காலம் கழித்திருந்தால் சைன்ய சேவா மெடலும், பணியாற்றிய இடத்தைக் குறிக்கும் கிளாஸ்ப் என்ற பட்டையும்.  நீல மையில் சாய்வெழுத்தில் இரண்டே பெயர்கள் எழுதி, கீழே கோடிட்டு மூடியிருந்தால், மற்றவை என்ன ஆயின என்று கேட்க இடமிருக்கிறது.

பொதுவாகப் பணியிலிருந்த எல்லாருக்கும் உரியவை எளிதில் விடுபடுவதில்லை. இடத்தைப் பொறுத்தவைதாம் விடுபடும். அட்டாச்மென்ட்டில் தற்காலிகமாக வேறு யூனிட்டுக்குப் போனவர், காயம்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது பட்டியல் தயாரானவர், போர் முடிந்த கையோடு விலகியவர் ஆகியோரே இதில் சிக்குகிறார்கள்.

பெயரும் ஒரு சிக்கல். தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். சேர்ப்பு அலுவலகத்தில் அதை விரித்து எழுதும்போது அப்பா பெயர் மகன் பெயராகும். பழனிச்சாமி ஓர் ஏட்டில் பழனிசாமி, இன்னொன்றில் பழனி சுவாமி. பதக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் சிறிய எழுத்தில் தெரியும். பெயர் தவறாக இருந்தாலும் எண் சரியாக இருந்தால் பதக்கம் அவருடையதே. எண்தான் ஆளை அடையாளம் காட்டுவது. கன்டோன்மென்ட் கடைகளில் வாங்கிய பதக்கத்தில் இந்த விளிம்பெழுத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அதை ஆதாரமாகக் காட்டிப் பயனில்லை.

திருத்தும் முறை

விண்ணப்பம் உரிய ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மதராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூர், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதைப் பரிந்துரைத்து அனுப்பும். ரெக்கார்ட் ஆபீஸ் அக்காலத்து யூனிட் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, உரியது என்று தெரிந்தால் ஆணை வெளியிட்டுத் திருத்தும்.

எழுதும் மனுவில் ‘எனக்குப் பதக்கம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த யூனிட், எந்தக் கம்பெனி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த இடம் என்பன வேண்டும். பழைய கடித உறைகளில் உள்ள அஞ்சல் முத்திரை, குழுப் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவை இதற்கு உதவும். முன்னதாகவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்தில் தன் ஷீட் ரோலின் சான்றிட்ட நகலையும் பதக்கம் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களையும் கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எது விடுபட்டது என்பதை அலுவலகத்தின் தாளைக் கொண்டே காட்டுவது வலுவான வழி.

மறுத்தால் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையில் அமர்வு உண்டு. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். பதக்கம் சலுகையன்று, பணியால் வந்த உரிமை. அதற்குக் காலக்கெடு பார்ப்பது பொருந்தாது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயி நகரின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ, 1.6 முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகளை அழித்தது. சம்பளப் பட்டியல், மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவு ஆகியவற்றிலிருந்து அங்கே கோப்பைத் திரும்பக் கட்டுகிறார்கள். ஆவணம் போனதற்கு வீரன் பொறுப்பல்ல என்பதை ஏற்றுக்கொண்ட நடைமுறை அது. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்த் தரைப்படையினர் விண்ணப்பித்தே பதக்கம் பெற வேண்டியிருந்ததால், பலருடையவை கேட்கப்படாமலே கிடந்தன; இன்றும் வாரிசுகள் கேட்கலாம்.

இன்றைய நிலை

பதக்கத் தட்டுப்பாட்டால் இந்தியாவில் லட்சக்கணக்கில் நிலுவை சேர்ந்தது. பணியில் இருப்பவர்களே கடையில் வாங்கி அணிய நேர்ந்தது.  ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத நிதியுதவி தருகிறது. அதற்கும் கேட்கப்படுவது பணிச்சான்றே. வீரர் இறந்திருந்தால் மனைவி அல்லது அடுத்த வாரிசு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். மூலப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பதிவு அது ஒன்றுதான்.