வெட்டுத்துணியில் பிறந்த பை

மதுரை புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிய நாட்களில் அங்கே தைத்தவர் என் அத்தா. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களின் உடை, பாவாடை, ரவிக்கை என எதைத் தைத்தாலும் வெட்டுத்துணி மிஞ்சும். அது வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் பையாகிவிடும். பைக்கென்று நாங்கள் துணி வாங்கியதே இல்லை. சேலை கிழிந்தால் தொட்டில், பிறகு தலையணை உறை, பிறகு பை, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. துணியின் ஆயுள் அந்த வரிசையில்தான் கழிந்தது.

பையின் பலம் காதில் இருக்கிறது என்பார் அத்தா. ஐந்து கிலோ அரிசியைத் தூக்கினால் முதலில் விட்டுப்போவது அதுதான். அதனால் காதின் நுனியை வாய் மடிப்புக்குள் இரண்டு விரல்கடை இறக்கி, சுற்றிலும் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போடுவோம். பக்கத் தையலை முதலில் நல்ல பக்கத்தில் ஓட்டி, பிசிறை நறுக்கி, பையைப் புரட்டி, உள்ளே இன்னொரு தையல் ஓட்டவேண்டும். பிசிறு இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். பருப்போ அரிசியோ நூலில் சிக்காது.

ஜவுளிக்கடையும் கல்யாண வீடும் கொடுத்த மஞ்சள் காடாத்துணிப் பை வேறு வழியில் வந்தது. தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்ட தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் அச்சாகியிருக்கும். மங்கலத்துக்காகப் பூசிய நிறம் அது. சினிமாவிலோ மஞ்சப்பையோடு பட்டணத்தில் வந்து இறங்குகிறவன் பட்டிக்காட்டான், ஏமாளி.

ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்காக ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த ஒற்றைத்துண்டு பிளாஸ்டிக் பைக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்த வகைப் பை எங்கள் தெரு மளிகைக் கடையில் கொத்தாகத் தொங்கத் தொடங்கியதும், கையை வீசிக்கொண்டு கடைக்குப் போவது நாகரிகமானது. அம்மா தைத்தவை பரணுக்குப் போயின.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமே வந்தது. பரிகாசம் ஒழிந்தது, பை தைக்கும் எனக்கும் ஆர்டர் கூடியது. மறுக்கவில்லை.

ஆனாலும் திரும்பி வந்தது பாதிதான். அம்மாவின் பைக்காக யாரும் புதிதாகப் பருத்தி விதைக்கவில்லை. இப்போது பைக்கென்றே துணி நெய்து, சாயம் ஏற்றுகிறோம். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரே தடவை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்குக் குறைவாகக் கெடுதி செய்ய, புதுப் பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தவேண்டும். விசேஷத்துக்கு விசேஷம் வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்கும் பைகள் அந்தக் கணக்கை எங்கே எட்டப்போகின்றன?

அதனால் புதுக் காடாவோடு வருகிறவர்களிடம், "பழைய பேன்ட் இருந்தா கொண்டாங்க" என்கிறேன். முட்டி தேய்ந்திருந்தாலும் கீழ்க்கால் துணி உறுதியாகவே இருக்கும். பக்கத் தையல் ஏற்கெனவே போட்டதுதான். அடியை மூடி, இடுப்புப் பட்டியை வெட்டிக் காது வைத்தால் வேலை முடிந்தது, கூலியும் பாதிதான்.