பழச்சர்க்கரை உறிஞ்சற் குறைபாடு

பழச்சர்க்கரை உறிஞ்சற் குறைபாடு என்பது உணவிலுள்ள பழச்சர்க்கரையைச் (பிரக்டோசு) சிறுகுடல் முழுமையாக உறிஞ்ச இயலாத நிலையாகும். குடற்சுவரிலுள்ள குளுட்-5 என்னும் புரதம் இச்சர்க்கரையை உயிரணுக்களுக்குள் கடத்துகிறது. அதன் திறனை மிஞ்சிய சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்படுகிறது. இதனால் வயிற்று உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். ஐதரசன் மூச்சுச் சோதனை மூலம் இதனைக் கண்டறிவர்.

உணவுத் தேர்வு

குளுக்கோசு உடனிருந்தால் பழச்சர்க்கரை எளிதில் உறிஞ்சப்படும். எனவே ஓர் உணவு இனிப்பானதா என்பதைவிட, அதில் குளுக்கோசை மிஞ்சிய பழச்சர்க்கரை உள்ளதா என்பதே முதன்மையானது. தேனில் பழச்சர்க்கரை ஏறத்தாழ 38 விழுக்காடும் குளுக்கோசு 31 விழுக்காடும் உள்ளன. மாம்பழம், ஆப்பிள், தர்ப்பூசணி ஆகியவையும் இவ்வகையின. கொடைக்கானல் மலையில் விளையும் பேரிக்காயில் சார்பிட்டால் என்னும் இனிப்பு ஆல்ககாலும் இருப்பதால் தொல்லை கூடும். ஆரஞ்சு, பப்பாளி ஆகியவற்றை அளவாக உண்ணலாம். சோறு, இட்லி, தயிர் ஆகியவற்றால் இக்குறைபாட்டில் பொதுவாக இடரில்லை.

பழனி பஞ்சாமிர்தம்

2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றுடன் பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்கின்றன. நாட்டுச்சர்க்கரையும் கற்கண்டும் பெரும்பாலும் சுக்குரோசு. அதில் இரு சர்க்கரைகளும் சம அளவின என்பதால் அவை தேனளவு தொல்லை தருவதில்லை. நன்கு பழுத்த வாழையிலும் பேரீச்சையிலும் உள்ள பிரக்டான்கள் சிலருக்கு உப்புசம் தரும். தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பிரசாதமாக ஒரு சிறுகரண்டி உண்பதும் வீட்டில் கிண்ணம் நிறைய உண்பதும் ஒன்றல்ல.

வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலும் பிரக்டான்கள் உண்டு. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத விரதச் சமையல், வேறு காரணத்துக்காக ஏற்பட்டதெனினும், இத்தகையோருக்கும் ஏற்றதாகிறது.

பரம்பரை பழச்சர்க்கரை ஒவ்வாமை

இது முற்றிலும் வேறான, அரிய நோயாகும். கல்லீரலில் ஆல்டோலேசு-பி நொதி குறைவதால் உண்டாகிறது. இந்நோயுள்ளோர்க்குச் சுக்குரோசும் தீங்கானது. எனவே பஞ்சாமிர்தத்தைச் சிறிதளவும் தரலாகாது. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தில் சர்க்கரை நீரோ தேனோ நாவில் இடப்படுகிறது. நோயுள்ள குழந்தைக்கு இத்தகைய இனிப்புகளைத் தொடர்ந்து கொடுத்தால் வாந்தி, இரத்தச் சர்க்கரை வீழ்ச்சி, கல்லீரல் பாதிப்பு ஆகியவை நேரும். நோயற்ற குழந்தையாயினும், ஓராண்டு நிறையும் முன் தேன் தருவது பொட்டுலிச நஞ்சேற்றத்துக்கு இடமளிக்கும்.