கையிலிருந்து காதுக்கு: விமானித் திறன் மாறிய வரலாறு

1935 அக்டோபர் 30 அன்று, ஓஹியோ மாநிலத்தின் ரைட் ஃபீல்ட் தளத்திலிருந்து கிளம்பிய போயிங் மாடல் 299 விமானம் செங்குத்தாக மேலேறி, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில் தேர்ந்த சோதனை விமானி. அவரும் போயிங்கின் லெஸ்லி டவரும் இறந்தனர். நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வால் துடுப்புகள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டை விடுவிக்காமலேயே கிளம்பியிருந்தார்கள். அனுபவசாலிகளும் மறப்பார்கள் என்று உணர்ந்த ராணுவ விமானிகள், செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினர். தனக்கு மனப்பாடமானதையும் எடுத்துப் படிக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

ஆனால் பட்டியல் மறதியைத்தான் தடுக்கும், அதிகாரத்தின் இறுக்கத்தைத் தளர்த்தாது. இதை உணர்த்திய நிகழ்வுகளில் நான் முதன்மையாகக் கருதுவது, 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் நடந்த யுனைடெட் 173 விபத்து. சக்கரங்களை இறக்கும்போது பலத்த சத்தம் கேட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு ஒன்று எரியவில்லை. தலைமை விமானி இறங்காமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்தே இருந்தனர், சொல்லவும் செய்தனர். ஆனால் அது எச்சரிக்கையாக ஒலிக்காமல் வெறும் தகவலாகவே போய்ச் சேர்ந்தது. எஞ்சின்கள் வரிசையாக அணைந்தன. 189 பேரில் 10 பேர் இறந்தனர். மூத்தவரிடம் குரலை உயர்த்தத் தயங்கும் மரியாதை எத்தனை விலை கேட்கும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

விசாரணை வாரியம் தலைமை விமானியின் கவனக்குறைவோடு நிற்காமல், மற்ற இருவரும் தங்கள் கவலையை உறுதியாக உணர்த்தத் தவறியதையும் சுட்டிக்காட்டியது. 1979இல் நாசா இதுகுறித்து ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்குக் குழுவள மேலாண்மைப் பயிற்சியைத் தொடங்கியது. தலைவர் கேட்கவும், கீழுள்ளவர் அழுத்திச் சொல்லவும் பழகுவதே அதன் சாரம்.

அதே நிறுவனத்தில் அதன் பலன் தெரிந்தது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232இன் வால் எஞ்சின் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் விமானம் கேட்கவில்லை. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்ததும், தலைமை விமானி அல் ஹேன்ஸ் தயங்காமல் அவரை உள்ளே அழைத்தார். இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு, இறக்கை எஞ்சின் இரண்டின் விசையையும் கூட்டிக் குறைத்தே ஃபிட்ச் விமானத்தைத் திருப்பினார். சூ சிட்டியில் தரையில் மோதி உடைந்த அந்த விமானத்தில் 296 பேர் இருந்தனர். 184 பேர் பிழைத்தனர். பிறகு சிமுலேட்டரில் சோதித்தபோது, அப்படி இறங்குவதைப் பயிற்சியால் கற்பிக்கவே இயலாது என்று தெரிந்தது. கற்பிக்க முடிந்தது, விமானி அறையில் ஃபிட்ச் உட்பட நால்வரும் பேசிக்கொண்ட விதம். ஹேன்ஸ் இறுதிவரை தன் பெருமையை அந்தப் பயிற்சியோடு பகிர்ந்துகொண்டார்.

2009இல் எஞ்சின் செயலிழந்த ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கி, அதிலிருந்த 155 பேரும் பிழைத்தபோது, பத்திரிகைகள் தலைமை விமானி செஸ்லி சல்லன்பெர்கரின் கைத்திறனைக் கொண்டாடின. அவர் தம் நிறுவனத்தில் இதே பயிற்சியை உருவாக்க உதவியவர் என்பது அந்த அளவு பேசப்படவில்லை. அவர் விமானத்தைச் செலுத்த, துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் எஞ்சினை உயிர்ப்பிக்கும் பட்டியலைப் பின்பற்றிக்கொண்டிருந்தார். இறங்குமுன் சல்லன்பெர்கர் அவரிடம் வேறு யோசனை உண்டா என்றும் கேட்டார். உயிர்கள் தப்பியதற்கான காரணங்களை அடுக்கிய விசாரணை அறிக்கை, இருவரின் முடிவெடுக்கும் திறனோடு குழுவள மேலாண்மையையும் சேர்த்தே முதலில் வைத்தது.