அந்நிய மண்ணில் அன்றாட வாழ்வு: திருச்சிராப்பள்ளியில் சுவார்ட்ஸ் ஐயர்

தியானப் பகுதி: எரேமியா 29:1–14



எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் அனுப்பினார். அக்காலத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று முழங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சொல் கேட்பதற்கு இனிமையாக இருந்தது. எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டுகள் என்றது. ஆதலால் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் வைத்து அதன் விளைவை உண்ணவும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைக்கவும், தாங்கள் வாழும் அந்த அந்நிய நகரத்தின் நலனுக்காக மன்றாடவும் அவர்களுக்குச் சொன்னது. ஆறுதலான வாக்குத்தத்தம் பின்னர் வருகிறது. கடிதத்தின் முற்பகுதியில் வருபவை வீடு, தோட்டம், உணவு, குடும்பம் ஆகிய எளிய காரியங்களே.

அந்நிய நாட்டில் ஒரு மனிதன் உண்மையில் எங்கே சோதிக்கப்படுகிறான் என்பதை அறிந்தவர் எழுதிய கடிதம் அது. பெரிய துன்பங்களைத் தாங்கிக்கொள்பவனும், தன் பேச்சைப் பிறர் புரிந்துகொள்ளாமல் விழிக்கும்போது சோர்ந்துபோகிறான். இக்கடிதத்துக்கு விளக்கவுரை போன்ற ஒரு வாழ்க்கை நம் திருச்சிராப்பள்ளியின் வரலாற்றிலேயே உண்டு. அது கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயருடைய வாழ்க்கை.

அவர் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹாலே நகரில் கல்வி பயின்றபோது, சென்னையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த சூல்ட்சே என்பவர் தமிழ்த் திருமறையை அங்கே அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அந்தப் பணிக்கு உதவுவதற்காகவே சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சிடும் திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் கற்ற மொழி அவரைக் கடல் கடந்து அழைத்து வந்தது. 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடலூரில் கரையிறங்கித் தரங்கம்பாடியை அடைந்தார்.

நான்கே மாதங்களில், சீகன்பால்க் ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் தமது முதல் தமிழ் அருளுரையை ஆற்றினார். இதைப் பாராட்டிச் சொல்பவர்கள் பலர். அதன் பிறகு அவர் செய்த காரியமே என் உள்ளத்தை அதிகமாகத் தொடுகிறது. தமிழ்ப் பள்ளியில் மிகச் சிறிய பிள்ளைகளோடு அமர்ந்து ஞானோபதேச வகுப்பு நடத்தினார். அவர்களோடு சேர்ந்து தாமும் மழலை பேசக் கற்றுக்கொண்டதாக அவரே குறித்திருக்கிறார். இறையியல் பயின்றவர், அருட்பொழிவு பெற்ற குரு, பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசியும் முடித்தவர். அப்படிப்பட்டவர் பிள்ளைகளின் நடுவே மழலை மாணவராக அமர்ந்தார். ஏட்டில் கற்ற தமிழுக்கும் தெருவில் ஒலிக்கும் தமிழுக்கும் உள்ள தொலைவைப் பிள்ளைகளின் துணையோடு கடந்தார். அதன்பின் ஐந்து ஆண்டுகள் இந்நாட்டு மக்களின் புராண நூல்களைப் படித்தார். தாம் யாரோடு வாழ வந்தாரோ அவர்கள் எதை நம்பி, எதைப் பாடி, எதற்கு அஞ்சி வாழ்ந்தார்கள் என்பதை அறியாமல் அவர்களோடு பேச இயலாது என்று அவர் கருதினார்.

1762-ஆம் ஆண்டு அவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அன்றைய திருச்சி போரின் வடுக்கள் ஆறாத ஊர். அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1752 ஜூன் மாதத்தில், ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படை தன் தளபதி ஜாக் லாவோடு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அரங்கநாதர் கோயிலின் மதில்களும் காவிரியும் கொள்ளிடமும் அந்தப் போருக்குச் சாட்சிகள். பின்னும் ஈராண்டுகள் கோட்டையைச் சுற்றி முற்றுகையும் சண்டையும் நடந்தன. ஆகவே வெள்ளை நிற மனிதன் என்றால் படைவீரன், கூடாரம், பீரங்கி, தானியப் பறிமுதல் என்பதே இவ்வூர் மக்களின் அனுபவமாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஊருக்குள் இன்னொரு வெள்ளைக்காரர் நடந்து வந்தார்.

அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அவரை நேரில் அறிந்த வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். ஐயருக்குக் கிடைத்த ஊதியம் மாதம் 10 வராகன். ஆண்டுக்கு ஏறத்தாழ 48 பவுண்டு. பழைய கட்டடம் ஒன்றில் அவருக்கு ஓர் அறை தரப்பட்டது. அவரும் அவருடைய கட்டிலும் மட்டுமே கொள்ளும் அளவு. தலை நிமிர்ந்து நிற்பதே கடினம். இந்நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணி உடை. இரவில் படிக்க ஒரு பித்தளை விளக்கு.

இவற்றில் எதுவும் அவர் பிறந்த ஊருக்குரியதல்ல. ஆயினும் அந்த விளக்கொளியில் அவர் படித்த திருமறை அவர் பிறந்த வீட்டில் படிக்கப்பட்டதுதான். உபதேசிமாரோடு ஏறெடுத்த மாலை ஜெபமும் அங்கிருந்து வந்ததுதான். தானியேல் கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் கற்றார். தம் தேவனை நோக்கி மண்டியிடுவதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. எதை மாற்றலாம், எதைக் காக்க வேண்டும் என்று பிரித்தறிவது அந்நிய மண்ணில் வாழ்பவருக்கு அன்றாடம் தேவைப்படும் ஞானம்.

திருச்சியில் அவர் மேலும் மொழிகளைக் கற்றார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் படைவீரருக்காக ஆங்கிலம் பயின்றார். சரளமாகப் பேச வரும்வரை, பிறர் எழுதிய அருளுரைகளையே வாசித்துக் காட்டினார். நவாபு முகமது அலியின் அரண்மனையாரோடு பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும், பின்னர் தஞ்சையில் மராத்தியும் கற்றார். ஒவ்வொரு மொழியிலும் மறுபடியும் மழலையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1766-ஆம் ஆண்டு, தெப்பக்குளத்துக்கு அருகே கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் அங்கே தமிழில் ஆராதனை நடைபெறுகிறது.

இன்னொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். படைவீரருக்குச் செய்த ஊழியத்துக்காக அவருக்கு அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தது. கம்பெனியாரின் கோட்டைக்குள்தான் அவருடைய ஆலயம் எழுந்தது. அதிகாரத்தின் நிழலுக்கு வெளியே அவர் முற்றிலும் நின்றார் என்று கூற இயலாது. ஆனால் அந்தப் பணத்தில் பாதியைச் சபைப் பணிக்கே கொடுத்துவிட்டு, முன்போலவே எளிய உணவில் வாழ்ந்தார். மக்கள் இதைக் கவனித்தார்கள்.

அவர்கள் கவனித்ததன் பயன் பின்னாளில் வெளிப்பட்டது. 1778-இல் அவர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டில் தானியம் இருந்தும், விலை கிடைக்காது என்று அஞ்சிக் குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு பலமுறை ஏமாந்தவர்கள் ஆதலால், அரசனின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் தம் சொல்லைப் பிணையாகக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டது. அவர் பேசியபடியே பணம் கொடுக்கப்பட்டது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் விளைந்ததன்று. அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் ஊர்களுக்கு நடந்து சென்ற முப்பது ஆண்டுகளின் விளைச்சல் அது.

எல்லாருக்கும் அவ்வளவு காலம் அருளப்படுவதில்லை. கல்கத்தாவின் பேராயர் ரெஜினால்டு ஹீபர் இந்தியாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1826 ஏப்ரல் 3 அன்று காலை திருச்சிக் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். வெயிலில் திரும்பி வந்து குளிர்ந்த நீரில் குளிக்க இறங்கியவர், அங்கேயே மரித்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அந்நிய மண்ணில் குளியல் போன்ற எளிய செயலும் உயிர்ப் பிரச்சினையாகலாம் என்பதை அம்மரணம் நமக்கு நினைவூட்டுகிறது. வெளிநாடு போனவர் சோர்ந்துபோகிறார் என்றால் அதை விசுவாசக் குறைவு என்று நாம் தீர்ப்பிடக் கூடாது.

பிரியமானவர்களே, இன்று திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நம் பிள்ளைகள் புறப்பட்டுப் போகிறார்கள். நம் சபைகளில் அப்படிப் பிள்ளையை அனுப்பாத குடும்பம் அரிது. அவர்களுள் பலர், இன்னும் இரண்டு ஆண்டுகள்தான், கடன் அடைந்ததும் திரும்பிவிடலாம் என்று அனனியாவின் கணக்கில் வாழ்கிறார்கள். பெட்டியை முழுவதும் பிரிப்பதில்லை. அடுத்த வீட்டாரின் பெயரைக் கேட்பதில்லை. பேச்சில் பிழை வந்துவிடுமோ என்று வாய் திறப்பதில்லை. இரண்டு ஆண்டு இருபது ஆண்டாகிறது. ஊரும் அவர்களுடையதாகவில்லை, அந்த ஆண்டுகளும் அவர்களுடையவையாகவில்லை. அங்குள்ள தமிழ்ச் சபை அவர்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் அந்த ஆறுதல், மற்ற ஆறு நாட்களும் அண்டை வீட்டாரோடு வாழ்வதற்குப் பெலன் தர வேண்டும். அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது, எப்போது வருகிறாய் என்று மட்டும் கேளாமல், உன் பக்கத்து வீட்டார் யார் என்றும் கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவார்ட்ஸ் ஐயர் மழலை பேசியபோது, அவரைத் தங்களோடு அமர இடம் கொடுத்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். அப்பிள்ளைகள் இல்லையென்றால் அந்த ஊழியமும் இல்லை. இன்று நம் ஊரில் கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்திருக்கும் இளைஞர்களும், கொட்டப்பட்டு முகாமில் வாழும் இலங்கைக் குடும்பங்களும் நம்மிடையே அந்நியராக இருக்கிறார்கள். தட்டுத்தடுமாறிப் பேசும் ஒருவனைப் பார்த்து நகைக்கிறோமா, அவனுக்குச் சொல் எடுத்துக்கொடுக்கிறோமா என்பதிலும் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது.

சுவார்ட்ஸ் ஐயர் நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் கண்மூடினார். அவரால் வளர்க்கப்பட்ட சரபோஜி மன்னர் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, தூர தேசங்களில் வாழும் எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். தாங்கள் இருக்கும் இடத்தில் வேரூன்றவும், அங்குள்ளவர்களை நேசிக்கவும் அவர்களுக்குத் தாழ்மையைத் தாரும். எங்கள் வாசலுக்கு வரும் அந்நியருக்கு இடம் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.