மட்சுயே நகரின் ஆங்கில ஆசிரியர்



யப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் என் பாட்டியார் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. அன்றே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியோரில் என் பாட்டியாரும் ஒருவர். ஆதலின், என் சிறுவயதில் யப்பான் எனக்கு ஒரு நாடாகத் தோன்றவில்லை. ஓர் இரைச்சலாகவே தோன்றிற்று.

அவ்விரைச்சலுக்குப் பின்னே மனிதர் உளர் என்பதை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆங்கில ஆசிரியர். அவர் பெயர் லவ்காடியோ ஹேர்ன். தந்தையார் அயர்லாந்தினர், தாயார் கிரேக்கர். 1890ஆம் ஆண்டில், தமது நாற்பதாம் வயதில், யப்பானின் மேற்குக் கரையை அடுத்துள்ள மட்சுயே என்னும் ஏரிக்கரை நகரில் அவர் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு கண் பார்வையற்றவர். அந்நாட்டு மொழியும் அறியாதவர்.

அங்கு வைகறையில் அவரை எழுப்பியது நெல் குற்றும் உலக்கையின் ஓசை. அதன்பின் கோயில் மணி ஒலிக்கும். ஞாயிறு எழும்போது மக்கள் அதனை நோக்கிக் கைதட்டி வணங்குவர். உரலும் உலக்கையும் கோயில் மணியும் அறிந்த நமக்கு இவற்றுள் எது அந்நியம்?

பாடசாலையில் ஆசிரியர் மாணவனை அடிப்பதில்லை. தமையன் போல நடந்துகொள்வார் என்று ஹேர்ன் வியந்து எழுதினார். பிரம்பையே துணையாகக் கொண்டிருந்த தலைமுறையில் வளர்ந்த எனக்கு அவ்வரி உறைத்தது. கடும் நோயுற்ற மாணவன் ஒருவன், இறுதி வேளையில் தன் பள்ளியை ஒருமுறை காண விரும்பினான். குளிர் மிகுந்த இரவில் ஒருவர் அவனை முதுகிற் சுமந்து சென்று காட்டினார். அவன் மகிழ்ந்தான், சில மணி நேரத்தில் உயிர் நீத்தான். இதனையும் ஹேர்னே பதிந்து வைத்தார்.

ஆயினும், வரலாறு கூறுவோன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். உன் பெருவிருப்பம் யாது என்று வினவினால், பேரரசருக்காக உயிர் துறப்பதே என்று மாணவர் விடையளிப்பர் எனவும் அவர் எழுதியுள்ளார். அன்பு நிறைந்த அதே வகுப்பறையில் அவ்விடையும் பயின்றது. அதற்கு 52 ஆண்டுகளின் பின், அவ்விடையையே வேதமாகக் கொண்ட இளைஞர் எமது வானில் பறந்தனர்.

ஹேர்ன் அதனைக் காணவில்லை. மட்சுயேயின் குளிர் தாங்காது 1891இல் தெற்கே குமமோட்டோவுக்குச் சென்றார். அன்று மாணவர் திரண்டு வந்து அவரை வழியனுப்பினர். 1896இல் கொய்சுமி யாகுமோ என்னும் பெயருடன் யப்பானியக் குடிமகனானார்; 1904இல் டோக்கியோவில் மறைந்தார்.

என் பாடசாலையில் ஏப்ரல் 9ஆம் நாளின் கதையைச் சொல்லும்போது, பள்ளியைக் காணச் சென்ற அப்பிள்ளையின் கதையையும் நான் சொல்வதுண்டு. குண்டை மறக்கச் சொல்வது என் நோக்கமன்று. பாட்டியாரின் அச்சம் மெய்யானது. ஆனால் ஒரு நாட்டை அதன் விமானங்களால் மாத்திரம் அறிந்தவன், அதனைப் பாதியே அறிந்தவனாவான். மற்றப் பாதியைக் காட்டுவது ஆசிரியன் கடன். பிள்ளைகளுக்கு எதனைப் பெருவிருப்பமாகக் கற்பிக்கிறோம் என்பதை ஆராய்வதும் அவன் கடனே.