522 சொல்லும் சேதி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். விடுதி மெஸ்ஸின் சாம்பாரைப் பற்றி எழுத நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, பிழைப்புக்காக இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழும் சர்வர் விவகாரத்தையே எழுதுகிறேன். இணையப் பக்கத்தைத் திறந்தால் 404, 503, 522 என்று எண்கள் வருகின்றனவே, அவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

அந்தச் சரித்திரத்தின் ஆரம்பத்திலேயே ஓர் இந்தியர் நிற்கிறார் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965-ல் படித்து முடித்த அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கோப்பு அனுப்பிக்கொள்ளும் எஃப்.டி.பி. முறையை 1971-ல் எழுதினார். அடுத்த வருஷமே அதற்கு மூன்று இலக்கப் பதில் எண்கள் வந்துவிட்டன. 1974-ல் ஜான் போஸ்டல் அவற்றை ஒழுங்குபடுத்தினார். எண் இயந்திரத்துக்கு, கூடவே வரும் வாக்கியம் மனிதனுக்கு. முதல் இலக்கம் 4 என்றால் 'இப்போ முடியாது, அப்புறம் வா'. 5 என்றால் 'முடியவே முடியாது, போ'. 1982-ல் மின்னஞ்சலுக்கும் அவர் இதே ஏற்பாட்டைச் செய்தார்.

ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1992-ல் மூன்று இலக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அர்த்தத்தை மட்டும் மாற்றிவிட்டார். 4 என்றால் கேட்டவன் தப்பு, 5 என்றால் கொடுப்பவன் தப்பு. பொறுமை சம்பந்தப்பட்ட எண் பழி சம்பந்தப்பட்ட எண்ணாகிவிட்டது! (செர்னில் 404 என்ற அறையில் முதல் சர்வர் இருந்தது என்பதெல்லாம் கட்டுக்கதை. பெர்னர்ஸ்-லீயின் கூட்டாளி ராபர்ட் காயோவே மறுத்துவிட்டார்.)

இரண்டு பேர் இருந்தவரை சிக்கலில்லை. மூன்றாவது ஆள் நடுவே வந்தார். எல்லோரும் ஒரே சர்வரை மொய்த்தால் அது திணறும் என்று 1995-லேயே பெர்னர்ஸ்-லீ எம்.ஐ.டி. சகாக்களிடம் சொல்லியிருந்தார். பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் அதற்குக் கணித வழி கண்டு, 1998-ல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் தினசரியை அச்சடித்து ரயிலில் அனுப்பாமல், மதுரையிலும் திருச்சியிலும் தனித்தனியே பதிப்பு போடுகிறார்களே, அந்த மாதிரி: பக்கங்களின் பிரதிகளை ஊர் ஊராக வைத்திருந்து, பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கத்திலிருந்தே கொடுப்பது. லெவின் 2001 செப்டம்பர் 11-ல், கடத்தப்பட்ட விமானத்தில் 31 வயதில் கொல்லப்பட்டார்.

இப்போது கோளாறு வந்தால் யார் தப்பு? நீங்களா, நடுவில் இருப்பவரா, பின்னால் இருக்கும் மூல சர்வரா? 2010-ல் சேவையைத் தொடங்கிய கிளவுட்ஃப்ளேர் இதற்காகவே 520-லிருந்து சொந்த எண்கள் வைத்துக்கொண்டது. அதிகாரபூர்வப் பட்டியலில் இவை கிடையாது. 521 என்றால் மூல சர்வர் கதவை முகத்தில் அடித்தது. 522 என்றால் கதவைத் தட்டியும் பதிலில்லை. 524 என்றால் கதவு திறந்தது, காரியம் முடிய நேரமாகிவிட்டது. 526 என்றால் உள்ளே இருப்பவரின் சான்றிதழ் செல்லாது.

இதெல்லாம் நிபுணர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். என் அக்கா மகன் ஒரு படிப்புக்கு விண்ணப்பம் போட்டான். கடைசி நாள் ராத்திரி போன் வந்தது. "மாமா, நெட்டு போயிடுச்சு. மூணு தடவை ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேன், பக்கத்து வீட்டு போன்லயும் பார்த்துட்டேன்." அழாத குறை. "திரையில என்ன நம்பர்டா?" என்றேன். 522. கீழே மூன்று சின்னப் படங்கள்: அவனுக்கு டிக், சென்னைக்கு டிக், மூல சர்வருக்கு மட்டும் பெருக்கல் குறி. "உன்மேல தப்பே இல்லடா. நேரம் தெரியிற மாதிரி அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சு வை" என்றேன். மறுநாள் அதைக் காட்டியதும் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். படம் பிடிக்கத் தெரியாமல், தன் போன்தான் மட்டம் என்று நினைத்துப் படுத்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

அகமாயின் பிழைப் பக்கத்தில் இன்னும் விசேஷம். புள்ளி புள்ளியாய் நீளமான ஒரு குறிப்பெண் வரும். அதன் மூன்றாவது பகுதி, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். அதாவது கோளாறு நடந்த நேரம். முழுவதையும் பிரித்துப் படிக்க அந்த நிறுவனமே ஒரு கருவி வைத்திருக்கிறது. ஆனால் அது தளத்தின் சொந்தக்காரருக்குத்தான். வாசலில் நிற்கும் நமக்கு இல்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. மனிதனுக்கென்று ஒரு வாக்கியம் இருக்க வேண்டும் என்பதுதானே 1970-களின் ஏற்பாடு!

நடுவில் இருப்பவரே விழுந்த கதையும் உண்டு. 2019 ஜூலை 2-ல் கிளவுட்ஃப்ளேர் சுமார் அரை மணி நேரம் உலகம் முழுக்க 502 காட்டியது. காரணம், தப்பாக எழுதிய ஒரே ஒரு தேடல் சூத்திரம். 2021 ஜூன் 8-ல் ஃபாஸ்ட்லி படுத்தபோது பெரிய பத்திரிகைகளும் பிரிட்டிஷ் அரசாங்கத் தளமும் 503 என்றே நின்றன.

ஆகவே தம்பி தங்கைகளே, பக்கத்தை மூடுமுன் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்றால் 'ரே ஐ.டி.' என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். தளத்துக்காரர் அதை வைத்துத் தேடிப் பிடிக்க முடியும். 1020 என்று வந்தால் மட்டும் காத்திருந்து பிரயோஜனமில்லை. அது கோளாறு அல்ல, தளத்துக்காரர் போட்ட தடை. அவருக்கே எழுதிக் கேட்க வேண்டும்.