முதல் ரொட் வாங்க முதல் கொஞ்சம் வரலாறு

கடலுக்கு எந்த ரொட் நல்லம்? கற்பிட்டிப் பக்கமோ சிலாபத்துப் பக்கமோ அனுபவமுள்ள ஒரு மீனவரிட்ட இதைக் கேட்டா, "கைத்தூண்டில் போதாதா?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் ஆச்சரியப்படாதீங்க. அந்தக் கேள்வியில நிறைய நியாயம் இருக்கு.

தூண்டில் எங்களுக்குப் புதுசில்ல. சூதாடி ஜெயிக்கிற பணத்தை, மீன் விழுங்கின தூண்டில் இரும்போட வள்ளுவர் ஒப்பிட்டிருக்கிறார். ஆனா தூண்டிலுக்கு எப்பவும் நீளமான தடி வேணும் என்றில்ல. கரையில நிக்கிற ஆளுக்கும் மீனுக்கும் இடையில இருக்கிற தூரத்தைக் கடக்கத்தான் தடி. வள்ளத்தில போறவர் மீனுக்கு நேர் மேல போய் நிக்கிறார், அவருக்குக் கையும் நூலும் ஈயமும் போதும். உடப்பில கரைவலை இழுக்கிறவங்களுக்கும் அப்படித்தான். வலையைத் தோணியில கொண்டுபோய் வளைச்சு விட்டு, இரண்டு பக்கக் கயிறையும் அம்பா பாடிக்கொண்டு ஊராக இழுத்தா மீன் கரைக்கு வரும். அதனால எங்கட கரையில ரொட் பெரிசா வளராததற்குக் காரணம் அறியாமை இல்ல. அதுக்குத் தேவை வரல்ல, அவ்வளவுதான்.

ரீலும் ரொட்டும் வைத்து மீன் பிடிக்கிற பழக்கம் இலங்கையில வேரூன்றினது கடலில இல்ல, மலையில. 1880களில் வெள்ளைக்காரர் ட்ரவுட் மீனை நுவரெலியா ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டாங்க. 1896இல் அதுக்கென்று ஒரு சங்கமும் வந்தது. அதே காலத்தில இங்கிலாந்தில 1893இலும், அமெரிக்காவின் கற்றலினா தீவில 1898இலும் கடல் தூண்டில்காரரின் சங்கங்கள் தொடங்கின. ஆக, ரொட் பிடிச்சவர் 'விளையாட்டு வீரர்', நூல் பிடிச்சவர் 'மீன்பிடிகாரர்' என்ற பிரிவு மீனால வந்ததில்ல. ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, மற்றவருக்கு அது சோறு. சமூகம் இரண்டுக்கும் வேறவேற மரியாதை குடுத்தது.

சரி, இப்ப கடைக்குள்ள போவம். அங்க நீங்க எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கு.

முதல்ல ரீல். பழைய ரீலில நூல் எறியும்போது உருளையே சுத்தும். ஈயம் தண்ணியில விழுந்த பிறகும் அது சுத்திக்கொண்டிருந்தா நூல் குருவிக்கூடுதான். 1905இல் அல்பிரட் இலிங்வொர்த் என்பவர் உருளை சுத்தாத ரீலுக்கு உரிமம் எடுத்தார். அவர் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன பிராட்போர்ட் நகரத்துத் தொழிலதிபர். ஆலையில நூற்கண்டு அசையாம இருக்க, நூல் மட்டும் அதன் நுனியால கழன்று வரும். அந்த யோசனைதான் இன்றைய 'ஸ்பின்னிங் ரீல்'. புதுசாத் தொடங்கிறவருக்கு இதைச் சிபாரிசு பண்றது இதனாலதான்: எறியிறது லேசு, சிக்கல் குறைவு.

அடுத்தது நூல். பட்டும் சணலும் பருத்தியும் இருந்த இடத்துக்கு, 1938இல் டூபோன்ட் கம்பனி அறிவிச்ச நைலோன் வந்தது. எங்கட தங்கூசி அந்தக் குடும்பம்தான்.

பிறகு தடி. நல்ல தூண்டில் தடிக்கான மூங்கில் சீனாவின் குவாங்டொங் பகுதியில இருந்து வந்துகொண்டிருந்தது. யுத்தம் அந்த வழியைக் குழப்பினது. 1950இல் சீனாவோட வியாபாரத்தை அமெரிக்கா தடை செய்தது. அதுக்குள்ள, 1940களிலேயே, கண்ணாடி இழைத் தடி பிறந்திட்டுது. அந்த 'பைபர்' என்ற சொல் எங்கட கரைக்குப் புதுசா? இன்றைக்குக் கற்பிட்டியில நிக்கிற பைபர் போட்டும் கண்ணாடி இழைதான். மீனவரின் வள்ளமும் பொழுதுபோக்குக்காரரின் ரொட்டும் ஒரே பொருள்! 1970களில் காபன் தடி வந்தது, பாரம் குறைவு, விறைப்பு கூட.

எதை வாங்கலாம்? என் கணக்கு இது. புத்தளம் களப்பு பெரும்பாலும் ஆழமில்லாதது, அங்க 6, 7 அடி ரொட் போதும். திறந்த கடற்கரையில அலைக்கு அப்பால எறியணும், அதுக்கு 10 முதல் 12 அடி வரை வேணும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால மேற்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில தொடங்கிறவர் களப்புக்கு ஏத்ததையே முதல்ல வாங்கட்டும்.

பொருளைப் பார்த்தா, முதல் ரொட் கண்ணாடி இழையாவோ கலப்பாவோ இருக்கட்டும். கொஞ்சம் பாரம்தான், ஆனா கல்லில அடிபட்டாலும் தாங்கும். காபன் பக்கவாட்டில அடி வாங்கினா பிறகு திடீரென்று முறியலாம். அதோட, காபன் மின்சாரத்தைக் கடத்தும். இடி மின்னல் நேரத்திலயும் மின்கம்பிக்குக் கீழயும் அதை உயர்த்திப் பிடிக்கவே கூடாது. ரொட்டில எழுதியிருக்கிற கிராம் அளவுக்கு மேல ஈயம் கட்டாதீங்க. நூல் ஓடுற வளையங்கள் துருப்பிடிக்காததா என்று பாருங்க. வீட்டுக்கு வந்ததும் ரொட்டையும் ரீலையும் நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு யாரையும் மன்னிக்காது.

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். கரைவலைக்குப் 'பாடு' என்று இடமும் முறையும் உண்டு. அங்க வலை இழுபடும்போது தூண்டில் எறியிறது இன்னொருவரின் அன்றைய வருமானத்துக்குள்ள கால் வைக்கிற வேலை. அறுந்த தங்கூசியைக் கரையில விட்டா அது உக்காது, வலையிலும் ஆமையிலும் போய்ச் சிக்கும்.

கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் வந்தபோது மீனவர்கள் கேட்டது, தாங்கள் பாவிச்ச கரை தங்களுக்கு இருக்குமா என்றுதான். பொழுதுபோக்குக்கு இடம் ஒதுக்கும்போது தொழிலுக்கு இடம் சுருங்கக்கூடாது என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். ரொட் வாங்குங்க, சந்தோஷமாப் பிடிங்க. ஆனா எறிய முதல், பக்கத்தில கைத்தூண்டிலோட நிக்கிறவரிட்ட "இதில நிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. எந்த நேரத்தில எங்க பாரை வரும் என்றும் அவருக்குத்தான் தெரியும்.